யாரும் பேசாதவனின் ஈரல்

7

"முப்பது பேருக்கு மருந்து கொடுத்தோம். இருபத்தொன்பது பேருக்குக் கேக்கல. இதுல துப்புத் துலக்க என்னய்யா இருக்கு? மாத்திரைக்குப் பதிலா சுண்ணாம்பைக் கொடுத்திருக்கா. அப்படியே எழுதிக் கொடுத்துட்டுப் போங்க."

டைரக்டர் வூ காய்பிங் பேசிக்கொண்டே அரிசி நூடுல்ஸ் கிண்ணத்தில் வினிகரைக் கவிழ்த்தார். நான்னிங் நகரத்து நூடுல்ஸ் ஏற்கெனவே புளிக்கும். வினிகருக்குப் பேர்போன ஷான்ஷி மாகாணத்துக்காரரான அவருக்கு அது போதவில்லை. பாட்டிலை மேஜை இழுப்பறையிலேயே வைத்திருந்தார்.

"சார், நூடுல்ஸ் நீச்சல் அடிக்குது," என்றாள் லெய் அக்கா.

அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

ஷென் நின்றுகொண்டிருந்தான். உட்காரச் சொல்ல அங்கே யாருக்கும் மனமில்லை. முப்பத்தைந்து வயது, போலீஸ் உத்தியோகத்தை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவன். லெய் அக்கா அவனுடைய உதவியாளர், அவனைவிடப் பத்து வயது மூத்தவள். முன்பு இன்சூரன்ஸ் விற்றாள். முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால் ஜன்னல் எங்கே என்று தேடுகிற ஜாதி.

ஜன்னலோரம் கைகட்டி நின்றவள் மெங் ச்யூலான். மருந்தைச் செய்தவள் அவள்தான்.

ஆற்று மீனைப் பச்சையாகத் தின்கிற ஊர்களில் மீனோடு ஈரல் புழுவும் உள்ளே போய்விடும். பித்தக் குழாயில் குடியேறும். வருஷக்கணக்கில் முட்டை போடும். கடைசியில் சிலரைப் புற்றில் கொண்டுபோய் விடும். இதற்குப் பழைய மருந்து ஒன்று உண்டு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் விழுங்கியவன் நாள் முழுக்கத் தலைசுற்றிக் கிடப்பான். மெங் புதிதாக ஒன்றைச் செய்யக் கிளம்பினாள். இருநூற்றுப் பதின்மூன்று கூட்டுப்பொருள்கள் தோற்றன. சில புழுவைக் கொல்லவில்லை. சில புழுவை விட்டுவிட்டு வெள்ளெலியைக் கொன்றன. இருநூற்றுப் பதினான்காவது, வெள்ளெலிகளின் ஈரலைத் துடைத்து வைத்தது. மனிதர்களிடம் முதல் சோதனை மாவான் கிராமத்தில் நடந்தது. மூன்று வாரத்தில் பார்த்திருக்க வேண்டியது, வெள்ளம் வந்து இரண்டு மாதத்துக்கு மேல் தள்ளிப்போனது. பார்த்தபோது இருபத்தொன்பது பேருக்குப் புழு முட்டை அப்படியே இருந்தது.

"சுண்ணாம்புன்னா அந்த முப்பதாவது ஆளு, நோங்குக்கு மட்டும் எப்படிக் கேட்டுச்சு?" என்றாள் மெங்.

"அவனுக்கு முதல்லயே புழு இருந்திருக்காது."

"முப்பது பேர்ல அவருக்குத்தான் அதிகம். நானே உக்காந்து பாத்தேன்."

"நீ பாத்தே. நீ எழுதினே. நீயே சாட்சி." வூ நூடுல்ஸை உறிஞ்சினார். "அலமாரியில ஒரு ஆளுக்கான மாத்திரை குறையுது. அதுக்கு ரெண்டே சாவி. ஒண்ணு இவகிட்ட, இன்னொண்ணு என்கிட்ட. நானா எடுத்து முழுங்கினேன்? கொஞ்சம் கொஞ்சமா வெளிய வித்திருக்கா. இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கமிட்டி. மருந்தெல்லாம் உலைக்குப் போகணும். இவளை எந்த ஆய்வகமும் வாசல்ல நிறுத்தி வைக்கக்கூடக் கூடாது."

"நீங்க மாவானுக்குப் போயிருக்கீங்களா?" ஷென் கேட்டான்.

"அந்தச் சேத்துல எனக்கென்ன வேலை? பச்சை மீன் வாடையே எனக்கு ஆகாது."

மெங் ஷென்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க எதுக்கு அலையறீங்க? உங்களைக் கூட்டிட்டு வந்தது அவரு. நீங்க என்ன எழுதுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"எங்க சார் எழுதறது எனக்கே தெரியாதும்மா," என்றாள் லெய் அக்கா. "கையெழுத்து அப்படி."

மெங் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர்கள் வெளியே போகக் காத்திருந்தாள்.

வேன் ஹெங்சோவைத் தாண்டி மல்லிகைத் தோட்டங்களுக்கு நடுவே போனது. லெய் அக்கா ஓட்டினாள். ஓட்டுவதும் பேசுவதும் அவளுக்கு ஒரே வேலை.

"ஒரு சந்தேகம் சார். ஒரே டப்பா, ஒரே மாத்திரை. இருபத்தொன்பது பேருக்குப் பொய், ஒருத்தனுக்கு மட்டும் நெசம். மாத்திரை ஆள் பாத்தா வேலை செய்யும்?"

"மாத்திரைக்குக் கண்ணு கிடையாது."

"அப்ப?"

"வித்தியாசம் ஆள்ல இருக்கு."

"குட்டையா இருப்பானோ? மருந்து சீக்கிரம் இறங்கியிருக்கும்."

ஷென் ஜன்னலுக்கு வெளியே மல்லிகை வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாவான், யூ ஆற்றின் வளைவில் இருந்தது. வண்டிச் சத்தம் கேட்டதுமே ஊர்ச் செயலாளர் சின் குவாங் வழியில் வந்து நின்றுவிட்டார். அகலமான ஆள். பின்னால் நாலைந்து பேர். ஒருவர் கையில் துடுப்பு இருந்தது. படகு எதுவும் பக்கத்தில் இல்லை.

"யாரு?"

"ஆய்வகத்துலேர்ந்து அனுப்பியிருக்காங்க."

"ரத்தம் எடுத்தீங்க. பீ எடுத்தீங்க. இனி என்ன பாக்கி, உசுரா?"

"உசுரு எடுக்கிறது நாங்க இல்லண்ணே," என்றாள் லெய் அக்கா. "அது வேற டிபார்ட்மெண்ட்."

யாரும் பல்லைக் காட்டவில்லை. டீயும் வரவில்லை. அந்தப் பக்கத்தில் பிச்சைக்காரனுக்குக்கூட டீ வரும்.

ஷென் நேராகவே கேட்டான். "மாத்திரை சாப்பிட்டப்புறம் யாராவது பச்சை மீன் சாப்பிட்டீங்களா?"

"நாங்க கைநாட்டு வெச்சிருக்கோம். தொடல," என்றார் செயலாளர்.

துடுப்புக்காரரைக் கேட்டான். "நாங்க கைநாட்டு வெச்சிருக்கோம். தொடல."

பத்தடி தள்ளிக் கூடையில் மல்லிகை மொட்டு அளந்துகொண்டிருந்த பெண், யாரும் கேட்காமலே தலையைத் தூக்கினாள். "நாங்க கைநாட்டு வெச்சிருக்கோம். தொடல."

"மூணு பேருக்கு ஒரே வாய்," என்றாள் லெய் அக்கா. "என் பையன் ஸ்கூல்லகூட இவ்வளவு ஒழுங்கா ஒப்பிக்க மாட்டாங்க."

"ஏ பொம்பள, நாக்கை உள்ள வை," என்றார் துடுப்புக்காரர்.

"நோங் வீடு எது?" ஷென் கேட்டான்.

சட்டென்று எல்லாம் நின்றது. மொட்டு அளந்தவள் காறித் துப்பினாள். துப்பியது ஷென்னின் செருப்புக்குச் சற்று முன்னால் விழுந்தது. குறி தப்பியதா, தப்ப வைத்தாளா, தெரியவில்லை.

"அப்படி ஒருத்தன் இந்த ஊர்ல இல்ல," என்றார் செயலாளர்.

"இல்லாதவருக்குத்தான் மருந்து கேட்டிருக்கு. இருக்கிற உங்களுக்குக் கேக்கல."

"கிளம்பு."

கிளம்பினார்கள். வேனின் முன்சக்கரங்கள் இரண்டும் தரையோடு தரையாகக் கிடந்தன.

லெய் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "போ போன்னு விரட்டறாங்க. காத்தையும் பிடுங்கிவிட்டுட்டாங்க. ஏதாவது ஒண்ணு பண்ணுங்கய்யா!"

அவள் குரல் ஆற்றின் அக்கரை வரை போயிருக்கும். இக்கரையில் யார் காதிலும் விழவில்லை.

படகுத்துறை ஓரம், ஊரைவிட்டு விலகி ஒரு பெட்டிக்கடை இருந்தது. அங்கே பம்பு கிடைக்குமா என்று கேட்கப் போனார்கள். கடையில் சரக்கு நிறைய இருந்தது, சரக்கின் மேல் தூசி அதைவிட நிறைய. உள்ளே ஒல்லியாக ஒரு ஆள் மூங்கில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். வாடிக்கையாளர் வந்ததற்கு அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

"வழி தவறிட்டீங்களா?"

"பம்பு வேணும்."

"என் கடைக்கு வந்தீங்கன்னு தெரிஞ்சா அவங்க சக்கரத்தையே கழட்டிடுவாங்க."

"நீங்கதான் நோங்கா?"

"ஊர்ல கேட்டிருப்பீங்களே. அப்படி ஒருத்தன் இல்லன்னு சொல்லியிருப்பாங்க."

லெய் அக்கா ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்துத் தட்டினாள். தூசி பறந்தது. "இது போன ராஜா காலத்து சரக்கா அண்ணே?"

"சாப்பிட்டுப் பாரு. சாக மாட்டே."

"என்ன பண்ணினீங்க ஊரை?" ஷென் கேட்டான்.

நோங் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தான். பேச ஆள் கிடைக்காதவன் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் வரும் தயக்கம் அது. "ஆத்துல கரண்டு விட்டு மீன் பிடிச்சாங்க. குஞ்சு குளுவான் எல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதந்துச்சு. சொல்லிப் பாத்தேன், கேக்கல. ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். படகையெல்லாம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. அன்னிக்கு நான் செத்துட்டேன். பொதைக்கல, அவ்வளவுதான்."

"கல்யாணம் காட்சின்னா?"

"பொணத்தை யாரு விருந்துக்குக் கூப்பிடுவா?"

லெய் அக்கா பிஸ்கட்டைக் கடிப்பதை நிறுத்தினாள். ஷென் அவளைப் பார்த்தான்.

மாத்திரை ஒன்றுதான். ஆறு ஒன்றுதான். ஊரில் எல்லாருக்கும் நடந்து, இந்த ஒருவனுக்கு மட்டும் நடக்காத காரியம் எது என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான். விடை அவ்வளவு சின்னது. இவனை யாரும் கூப்பிடவில்லை.

"மாத்திரை கொடுத்தப்புறம் ஊர்ல ஒரு மீன் விருந்து நடந்திருக்கு," என்றான்.

"எனக்கெப்படித் தெரியும்? நான் போகல."

"சத்தம் கேட்டிருக்கும்."

நோங் எழுந்துவிட்டான். "இங்க பாரு. அவங்க என்கூடப் பேச மாட்டாங்கதான். அதுக்காக மறுபடி காட்டிக் கொடுக்கச் சொல்றியா? ஒரு தடவை கொடுத்துப் பாத்துட்டேன். போதும். பம்பை எடு. அடிச்சுக்கிட்டு ஓடு."

ஷென் பம்பை எடுக்கவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மேல் தட்டில் சோயா, கீழே உப்பு, நடுவில் வினிகர் பாட்டில்கள் வரிசையாக. வரிசையில் ஓரிடம் காலி. மற்ற இடத்தில் தூசி கெட்டியாக இருந்தது. அந்த வட்டத்தில் மட்டும் மெல்லிசாக.

"ஒரு பாட்டில் வித்திருக்கு," என்றான்.

நோங் முதல்முறையாகச் சிரித்தான். சந்தோஷமான சிரிப்பு இல்லை. "வித்துச்சு, மாத்திரை கொடுத்துக் கொஞ்ச நாள்ல. வருஷக்கணக்குல இந்த ஊர்க்காரங்க என்கிட்ட வாங்கினது அது ஒண்ணுதான். செயலாளர் பொண்டாட்டி மூச்சிரைக்க ஓடி வந்தா. வாயைத் திறக்கல. விரலை நீட்டினா. எடுத்துக்கிட்டு ஓடிட்டா. சமையல்ல பாதியில எதோ தீந்துபோச்சுபோலன்னு நினைச்சேன்."

"மீனுக்கு வினிகரா?" லெய் அக்கா கண்ணை உருட்டினாள். அவள் பிறந்ததும் இந்த ஆற்றங்கரையில்தான். "எங்க பக்கத்துல பச்சை மீனுக்குக் கடலை எண்ணெய் ஊத்துவோம். இஞ்சி, பூண்டு போடுவோம். வினிகர் ஊத்தியிருந்தா எங்க மாமியா என்னையும் சேத்து ஆத்துல ஊத்தியிருப்பா. கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன் வெளியூர்க்காரன்." பேசிக்கொண்டே வந்தவள் குரலை இறக்கினாள். "சார். காலையில ஒரு நூடுல்ஸ் நீச்சல் அடிச்சுதே."

"காத்தடிங்க அக்கா."

"நான் ஓட்டறேன், பேசறேன், காத்தும் நானே அடிக்கணுமா?"

ஷென் நோங்கிடம் திரும்பினான். "கமிட்டிக்கு வந்து இதைச் சொல்வீங்களா?"

"மாட்டேன்." பிறகு கேட்டான்: "என் ஈரல் சுத்தமாயிடுச்சுன்னு அந்தப் பொண்ணு சொன்னா. நெசமா?"

"நெசம்."

"அப்படின்னா அவ பொய் சொல்றவ இல்ல," என்றான் நோங். பம்பை எடுத்து லெய் அக்கா கையில் கொடுத்தான்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் டைரக்டரின் அறைக்குள் நுழைந்தார்கள். மெங் அங்கேயே இருந்தாள். அவள் மேஜையைக் காலி செய்து ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். பெட்டி வாசலில் கிடந்தது.

"எழுதியாச்சா?" என்றார் வூ.

"மருந்து கேட்டிருக்கு," என்றான் ஷென். "முப்பது பேருக்கும்."

மெங் தலை நிமிர்ந்தாள்.

"பழைய புழு எல்லாம் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் ஊரே உக்காந்து பச்சை மீன் தின்னிருக்கு. புதுப் புழு குடி வந்திருக்கு. வெள்ளம் சோதனையைத் தள்ளிப்போட்டதுல அதுங்களும் வளந்து முட்டை போட்டுருச்சு. நோங்கை யாரும் விருந்துக்குக் கூப்பிடல. அதனால அவர் ஈரல் மட்டும் மருந்து விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு."

"கைநாட்டு வெச்சாங்களே," என்றாள் மெங். "ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் தனித்தனியா உக்காந்து பேசினேனே."

"தானா தொட்டிருக்க மாட்டாங்க. ஒரு பெரிய மனுஷன் விருந்தாளியா வந்தாரு. விருந்தாளி சாப்பாட்டுக் குச்சியைத் தூக்கற வரைக்கும் அந்த ஊர்ல ஒருத்தரும் தூக்க மாட்டாங்க. அவரு முதல் துண்டை வாயில போட்டுட்டா, அப்புறம் சும்மா உக்காந்திருக்கறது அவர் முகத்துல கரி பூசற மாதிரி. உங்களுக்கு மேல இருக்கிறவரே சாப்பிடறப்போ, உங்க பேச்சு எங்க எடுபடும்?"

வூ பேனாவைக் கீழே வைத்தார். "யாரைச் சொல்றே?"

"உங்களை."

"நான் மாவானுக்குப் போனதில்ல."

"உங்க வினிகர் போயிருக்கு சார்," என்றாள் லெய் அக்கா. "மீனுக்கு அதைக் கேட்டு வாங்கின ஒரே ஆளு."

வூ வாய்விட்டுச் சிரித்தார். "வினிகரா? ஷான்ஷியில மூணரைக் கோடி பேர் இருக்கான்யா. எல்லாரும் வினிகர்தான் குடிக்கிறான்."

"அதுல எத்தனை பேர்கிட்ட இந்த அலமாரிச் சாவி இருக்கு?"

சிரிப்பு நின்றது.

"விக்கத் திருடறவன் பெட்டியோட தூக்குவான்," என்றான் ஷென். "இங்க போனது ஒரே ஒரு ஆளுக்கான மாத்திரை. எடுத்தவன்கிட்ட கடை இல்ல. ஒரு ஈரல் இருந்துச்சு, அதைப் பத்தின பயம் இருந்துச்சு. நானா எடுத்து முழுங்கினேன்னு காலையில நீங்கதான் சொன்னீங்க. நாங்க அதைக் கேள்வின்னு நினைச்சுட்டோம்."

"வெளிய போ." வூ எழுந்தார். கழுத்து சிவந்திருந்தது. "போலீஸ்ல இருக்க முடியாத நாய் நீ. உன் பேச்சைக் கமிட்டி கேக்குமா? அந்த ஊர்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன் வந்து சாட்சி சொல்வானா?"

சொல்லமாட்டான். விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் மாவானில் இல்லை. ஷென் கையில் இருந்ததெல்லாம் தூசியில் ஒரு வட்டம். அது அவனுக்கும் தெரியும், வூவுக்கும் தெரியும். நடைவழியில் கமிட்டிக்காரர்களின் காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

மெங் மேஜையருகே வந்தாள். கோபம் அவள் முகத்தில் இல்லை. நோயாளியின் படுக்கையருகே வந்தவள் போலிருந்தாள்.

"சாப்பிட்டப்புறம் தலை சுத்துச்சா?"

"இல்ல, கொஞ்சம்கூட…" என்றார் வூ.

வார்த்தை வெளியே வந்துவிட்டது. அவரும் டாக்டர்தான். முப்பது வருஷமாக அந்தக் கேள்விக்குப் பதில் வாங்கிப் பழகிய வாய், யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டது. அதை மூட அவர் கையைக் கொண்டுபோனார், பாதி வழியில் கை நின்றது.



"பழைய மாத்திரை கீழ கடையிலயே இருக்கு," என்றாள் மெங். "அதை விட்டுட்டு என்னுதை எடுத்தீங்க."

"மறுநாள் பெய்ஜிங்ல மேடையில பேசணும்," என்றார் வூ மெதுவாக. "அதைச் சாப்பிட்டா எழுந்து நிக்க முடியாது. ஊத்திக் கொடுத்துட்டே இருந்தாங்க மெங். எவ்வளவு நேரம் வேண்டாம் வேண்டாம்னு சொல்றது? அவ்வளவு சாராயத்துல புழு செத்துடும்னு நினைச்சேன்."

"நீங்களா?"

அவர் தலை குனிந்தார். "விடிஞ்சப்புறம் அப்படி நினைக்க முடியல."

"என் மருந்து கேக்கும்னு உங்களுக்குத் தெரியும். உங்க ஈரலை நம்பி ஒப்படைச்சீங்க. அப்புறம் அதை உலையில போடச் சொல்றீங்க."

"வேற வழி? ஊர் ஏன் மறுபடி புழுவோட இருக்குன்னு கேட்டா, விருந்துல வந்து நிக்கும். விருந்து என்கிட்ட வந்து நிக்கும்."

அட்டைப்பெட்டியிலிருந்து மெங் ஒரு பேனாவைத் தேடி எடுத்தாள். "மாத்திரை குறையுது. அது திருட்டுன்னா போலீஸ் வரும். சோதனைக்குப் போச்சுன்னா, நீங்க என் முப்பத்தோராவது நோயாளி. எது?"

"போலீஸ் வந்தா முதல்ல உங்களை மாவானுக்குக் கூட்டிட்டுப் போன டிரைவரைத்தான் கேப்பாங்க," என்றான் ஷென். "அவரு மாவான்காரர் இல்ல. அவருக்கு நீங்க விருந்தாளியும் இல்ல."

வூ உட்கார்ந்தார். நாற்காலி முனகியது.

அவருக்கு எதிரில் மெங் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "பேரு?"

"மெங்…"

"எல்லார்கிட்டயும் கேக்கிறதுதான். பேரு?"

"வூ காய்பிங்."

"வயசு?"

"ஐம்பத்தாறு."

"கடைசியா பச்சை மீன் சாப்பிட்டது எப்போ? யார் வீட்டுல?"

வூ கதவைப் பார்த்தார். அதற்குள் லெய் அக்கா அதை அகலத் திறந்துவிட்டிருந்தாள். கமிட்டியின் ஐந்து பேரும் வாசலில், அட்டைப்பெட்டியைத் தாண்டுவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார்கள்.

"சத்தமா சொல்லுங்க," என்றாள் மெங். "நான் எழுதணும்."